ஒரு வாசல், இரண்டு பூச்சு

எங்கள் படிப்பகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நிலைக்கு நீலம் அடிச்சிருக்கீங்க, கதவை மட்டும் ஏன் மரமாவே விட்டுட்டீங்க? பெயின்ட் தீந்துபோச்சா?"

தீரவில்லை தோழர்களே. அந்தக் கதவுக்கு எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

நிலை பழையது. ஒரு கால் வேங்கை. இன்னொன்று, கரையான் அரித்தபின் ஒட்டுப்போட்ட வேம்பு. எந்தச் சாயம் ஏற்றினாலும் இரண்டும் ஒன்றுபோல் தெரியாது என்பதால் எனாமல் என்று முடிவானது. கதவு தேக்கு, புதுச்சேரியில் இடித்த ஒரு வீட்டிலிருந்து பழைய மரக்கடை வழியாக வந்தது. பூச்சைச் சுரண்டியதும் ரேகை தெரிந்தது. பெரியப்பாவுக்கு அதை மூட மனம் வரவில்லை. "ஸ்டெயின் போடலாம்டா" என்றார்.

பெரியப்பா முப்பது ஆண்டு பெயின்டர். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் அன்றுவரை அவர் ஒரு கதவுக்குக்கூடப் பாலிஷ் போட்டதில்லை. சுவர், கிரில், கக்கூஸ் கதவு எல்லாம் அவருக்கு. வாசல் கதவு, பூஜையறைக் கதவு என்று வந்தால், "அதைத் தொடாதீங்க, பாலிஷுக்கு வேற ஆள் வராங்க" என்பார்கள். பாலிஷுக்குக் கூலி அதிகம். நாங்கள் பார்த்தவரை அந்தக் கைவேலை சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றியது. எங்களில் இரண்டு பேர் ஒரு பாலிஷ் மேஸ்திரியிடம் எடுபிடியாகப் போனோம். நாள் முழுக்க உப்புத்தாள் தேய்க்கவிட்டார். கலவை போடும் நேரம் வந்தால் மட்டும் டீ வாங்க அனுப்பிவிடுவார்.

அதனால் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். பெயின்டர் பழக்கத்தில் ஆணி ஓட்டைகளில் எல்லாம் வெள்ளைப் பட்டி வைத்துவிட்டோம். பெயின்டுக்கு அது சரி. மேலே பூசுவது எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஸ்டெயின் மறைக்காது, மரத்துக்குள் இறங்கும். பட்டியில் அது ஏறவில்லை. கதவு முழுக்க வெள்ளைப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. குறுக்கே தேய்த்த கீறல்களும் கறுப்புக் கோடுகளாக எழும்பிவிட்டன. முழுவதையும் திரும்ப இழைத்தோம். பட்டியில் காவிப்பொடி கலந்து, மரத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்து அடைத்தோம். ரேகை ஓடும் திசையிலேயே 120, 180, 220 என்று தேய்த்தோம். ஸ்டெயினைத் துணியால் ஏற்றி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்தோம். பலகையின் வெட்டுமுனை அதிகம் குடித்துக் கறுத்துவிடும் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

எது முதலில் என்பதற்கு ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. ஸ்டெயின்தான் முதலில். காய்ந்து, வார்னிஷ் ஒரு கை ஏறியபின்தான் பக்கத்தில் பெயின்ட். வார்னிஷ்மேல் நீலம் சிந்தினால் உடனே துடைத்துவிடலாம். பச்சை மரத்தில் சிந்தினால் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், இழைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

நிலையைத் தேய்க்கும்போது பெரியப்பா வழக்கம்போல் துண்டை முகத்தில் கட்டினார். நாங்கள் விடவில்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலரத் தேய்த்தால் ஈயத்தூள் நெஞ்சுக்குள் போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தோம், நல்ல முகக்கவசம் போட்டோம். "இத்தனை வருசம் இதையாடா தின்னேன்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு இருமல் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லேயே வந்துவிட்டது, பெயின்டர்களும் அதில் சேரலாம். அவர் அட்டை வாங்கியது போன வருடம், நாங்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தபின்.

கீழ்க் கீலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி இன்னும் இருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும்.

போன மாதம் ஒரு வீட்டில் பெரியப்பா பாலிஷுக்கும் சேர்த்துக் கூலி சொன்னார். "நீங்க பெயின்டர்தானே?" என்றார்கள். போனை எடுத்துக் கதவின் படத்தைக் காட்டினார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.