ஐம்பது இருக்கை விமானமும் ஒரு ரயில்வே குமாஸ்தாவும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், ரயில்வே தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, நீ ரயிலில் டிக்கெட் கொடுக்கிற பிள்ளை. ஊருக்கு ஆகாய விமானத்தில் போனாயாமே? உண்ட வீட்டுக்கு இரண்டகம் இல்லையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனினும் அவருக்கு அன்று சரியான விடை சொல்ல என்னால் இயலவில்லை. நம் பத்திரிகையின் ஆசிரியர், "அதையே எழுதிக் கொடும்" என்றார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எனக்குப் பொருளாதார சாஸ்திரம் தெரியாது. கவுண்ட்டரில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தெரியும். அந்த அளவில் எழுதுகிறேன்.

நாம் குடியிருக்கும் இந்த ஹுப்பள்ளி (நம் பெரியவர்களின் நாவில் இன்னும் ஹூப்ளிதான்) இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். சதர்ன் மராட்டா ரயில்வேயின் தொழிற்சாலை இங்கு வந்ததும், 1908இல் அந்தக் கம்பெனி மதராஸ் ரயில்வேயோடு இணைந்ததும், நம்மவர் பலரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. 1966 வரை இவ்வூர் தென்னக ரயில்வேயைச் சேர்ந்தது; 2003இல் தென்மேற்கு ரயில்வேக்கே தலைமையகமாயிற்று. 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட நம் நிலையத்தின் நடைமேடை 1,507 மீட்டர் நீளம், உலகிலேயே நீளமானது. வயதானவர்கள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும்!

கோகுல் சாலையில் உள்ள விமான நிலையத்தின் ஓடுபாதையோ 2,300 மீட்டர். நம் நடைமேடையைவிட எண்ணூறு மீட்டர்தான் அதிகம். ஆயினும் அந்தப் பாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு. படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் கோபிநாத் 2003 ஆகஸ்டில் தொடங்கிய ஏர் டெக்கான், முதன்முதலாகப் பறந்தது ஹுப்பள்ளிக்கும் பெங்களூருக்கும் இடையேதான். குறைந்த கட்டணத்தில் சாமானியரும் பறக்கலாம் என்ற எண்ணம் இந்த நாட்டில் இறக்கை கட்டியது நம் ஊர்ப் பாதையில். அந்தக் கம்பெனி பின்னர் கிங்ஃபிஷரில் கலந்தது. கிங்ஃபிஷரும் 2012இல் நின்றது.

எனக்கும் விமானத்துக்கும் உறவு ஏற்பட்ட விதத்தைச் சொல்லவேண்டுமானால் 2016இலிருந்து தொடங்க வேண்டும். என் சொந்த ஊர் சேலம் மாவட்டத்து ஓமலூருக்கு அருகில். அந்த ஆண்டு ஒரு நாள் காலைப் பணியில் இருந்தேன். கைப்பேசி மேஜை அறைக்குள் இருந்தது. பகல் இரண்டு மணிக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால், அண்ணனிடமிருந்து பதினேழு அழைப்புகள். தந்தையார் காலை எட்டு மணிக்கே காலமாகிவிட்டார். எனக்கு இரவு வண்டிதான் கிடைத்தது. விடியற்காலை பெங்களூர், அங்கிருந்து ஓசூர், தருமபுரி வழியாக ஓமலூரில் இறங்கும்போது மணி பதினொன்று. எனக்காக மாலை ஐந்து வரை காத்திருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். அண்ணன் என் கையில் கொடுத்தது அஸ்திக் கலயம். வெளியூரில் பிழைக்கும் நம் குடும்பங்களில் இது புதிதன்று. இதைப் படிக்கும் அன்பர்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு நாள் இருக்கும்.

2019 டிசம்பரில் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சேலத்து மருத்துவமனையில் மறுநாள் காலை அறுவை என்று, பகல் பத்து மணிக்கு அண்ணன் சொன்னார். இம்முறை நான் கால அட்டவணையைப் புரட்டவில்லை. சட்டைப் பையில் ரயில்வே பாஸ் இருக்க, நான்காயிரத்துச் சில்லறை ரூபாய் கொடுத்துப் பிற்பகல் விமானத்துக்குச் சீட்டு வாங்கினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதத்து வீட்டு வாடகை எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும்.

வெயிலில் நடந்து போய் ஏறினோம். விமானத்தின் கதவே கீழே மடங்கிப் படிக்கட்டாக நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறு பக்கம் இரட்டை இருக்கை. நடுவே ஒருவர் செல்லும் வழி. நெடியவர்கள் தலை குனிந்து நடக்க வேண்டும். இயந்திரங்கள் இரண்டும் இறக்கையின் கீழ் இல்லை. வால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எம்ப்ரேயர் 145 என்னும் இந்த விமானம் பிரேஸில் நாட்டில் செய்யப்பட்டது. 1995இல் முதலில் பறந்த வகை. ஸ்டார் ஏர் என்னும் நிறுவனம் 2019 ஜனவரியில் நம் ஹுப்பள்ளியை வைத்தே இவ்வகை விமானத்தைக் கொண்டு சேவையைத் தொடங்கியது. என் பக்கத்தில் பியாடகி மிளகாய் வியாபாரி ஒருவர் அமர்ந்திருந்தார். சட்டையில் நெடி போகவில்லை. நான் இரண்டு முறை தும்மினேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

எண்ணிப் பார்த்தேன், வழக்கம் விடாது அல்லவா? மொத்தம் ஐம்பது இருக்கை. நம் பழைய ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் எழுபத்திரண்டு பேர் படுப்பார்கள். ஆக இந்த விமானத்தை அப்படியே ஒரு பெட்டிக்குள் கவிழ்த்தாலும் இருபத்திரண்டு படுக்கை மிச்சம். இந்த ஐம்பது பேருக்காக இரண்டு விமானிகள், ஒரு பணிப்பெண். ஏன் ஐம்பது, அறுபது ஆகாதா என்று கேட்கலாம். ஐம்பது இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது விதி. ஐம்பத்தோராவது இருக்கை வைத்தால் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விமானிகளோ, ஐம்பது பேரானாலும் நூற்றெண்பது பேரானாலும் இருவர்தாம். சிறிய விமானத்தின் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. செலவு இருக்கைக்குத் தக்கபடி குறைவதில்லை.

கணக்குக்காக ஒரு பறப்புக்கு இரண்டு இலட்சம் ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பேரும் வந்தால் தலைக்கு நான்காயிரம். நாற்பது பேர் வந்தால் ஐயாயிரம். இருபத்தைந்து பேரே வந்தால் எண்ணாயிரம். எண்ணாயிரம் என்று எழுதி வைத்தால் அந்த இருபத்தைந்து பேரும் வரமாட்டார்கள். இரவு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். பெரிய விமானத்தில் பத்து இருக்கை காலியாகப் போனால் கம்பெனி தாங்கும். இங்கே பத்து காலி என்றால் வரவில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

மேலும், ஜெட் என்றால் வேகம் என்று நாம் மகிழ்கிறோம். பெங்களூர் தூரத்துக்கு அந்த வேகத்தால் பெரிய இலாபமில்லை. மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்க வேண்டும். சுழல்விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் இதே தூரத்தைச் சிறிது நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். ஜெட்டின் அருமை நெடுந்தூரத்தில் தெரியும். 2019 நவம்பரில் ஹுப்பள்ளியிலிருந்து டெல்லிக்கு அருகிலுள்ள ஹிண்டனுக்கு இதே சிறு ஜெட் விடப்பட்டபோது, வடக்கே வேலையாயிருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எவ்வளவு மகிழ்ந்தார்கள் என்பது நம் சங்கத்துக்குத் தெரியும். இயந்திரத்தின் தேய்மானமோ பறந்த மணியை மட்டும் பார்த்து வருவதில்லை. எத்தனை முறை ஏறி இறங்கிற்று என்பதையும் பார்க்கும். குறுந்தூர ஓட்டத்தில் ஏறி இறங்கலே பாதி வேலை. பின் ஏன் இந்த ஜெட்டை வாங்குகிறார்கள்? அமெரிக்கக் கம்பெனிகள் பல பெரிய விமானங்களுக்கு மாறி, ஐம்பது இருக்கை ஜெட்டுகளைக் கழித்துவிட்டதால் பழையவை மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கிய விலை குறைவு, பராமரிப்பு அதிகம். பழைய பஸ் வாங்கி ஓட்டும் நம் ஊர் முதலாளிகளுக்கு இது நன்றாக விளங்கும். ஸ்டார் ஏரும் 2023இல் எழுபத்தாறு இருக்கை கொண்ட எம்ப்ரேயர் 175க்கு ஏறிவிட்டது. காரணம் மேலே சொன்ன வகுத்தல் கணக்குத்தான்.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மத்திய சர்க்கார் 'உடான்' திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. தேர்ந்தெடுத்த வழிகளில் பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு. ஒரு மணி நேரப் பறப்புக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய். குறைகிற தொகையை மூன்றாண்டு சர்க்கார் ஈடுசெய்யும். அதில் ஒரு பங்கை மாநிலமும் ஏற்கும். எண்ணெய் வரியையும் குறைக்கும். ஈட்டுத் தொகைக்கான பணம், பெருநகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களின் மேல் போட்ட தீர்வையிலிருந்து வருகிறது. பம்பாய்க்கும் டெல்லிக்கும் போகிறவன் கொடுப்பதில் சிற்றூர்க்காரன் பறக்கிறான்.

மூன்றாண்டு முடிந்த பின்? தணிக்கைத் தலைவரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது: முதல் மூன்று சுற்றுகளில் கொடுக்கப்பட்ட 774 வழிகளில் 403 தொடங்கவேயில்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டை நிறைவு செய்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54. இந்த எண்களைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. திட்டம் வீண் என்று சொல்ல நான் துணியமாட்டேன். நான் கொடுக்கும் டிக்கெட்டிலேயே, பிரயாணச் செலவில் ரயில்வேக்குத் திரும்பக் கிடைப்பது சராசரி 57 விழுக்காடுதான் என்று 2016 முதல் அச்சிட்டு வந்திருக்கிறார்கள். மிச்சத்தைச் சரக்கு வண்டி சுமக்கிறது. நஷ்டத்தில் ஓடுகிறது என்பதற்காகப் பாஸஞ்சர் வண்டியை நிறுத்தினால் நாம் மனுக் கொடுக்க ஓடுகிறோமே! வேற்றுமை ஒன்றுதான்: நம் வண்டிக்கு மூன்றாண்டுத் தவணை இல்லை. நாளைக்கும் வரும் என்று நம்பி ஒருவன் பெண் கொடுக்கலாம், நிலம் வாங்கலாம். இந்த நம்பிக்கை விமானத்துக்கு இன்னும் ஏற்படவில்லை.

அதை நானும் அனுபவித்தேன். 2022இல் தாயாரை மருத்துவரிடம் காட்ட ஒரு மாதம் முன்பே விமானச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். பத்து நாள் இருக்கும்போது சேவை இல்லை என்று ஒரு வரிச் செய்தி வந்தது, பணமும் வந்தது. பாஸை எடுத்துக்கொண்டு இரவு வண்டியில் போனேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் வகுத்தல் கணக்கு அவர்களுக்கு.

2019இன் பிரயாணத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் தேவனஹள்ளியில் இறங்கினோம். அந்த விமான நிலையம் நகருக்கு வடக்கே. சேலம் சாலையோ தெற்கே. நகரைக் கடக்கவே இரண்டரை மணி நேரம்! பறந்து சம்பாதித்ததில் பெரும்பகுதியை அங்கே கொடுத்துவிட்டேன். பிறகு பஸ். இரவு பத்தே முக்காலுக்கு மருத்துவமனைப் படியேறினேன். தாயார் விழித்திருந்தார்.

"ரயில்லயா வந்தே கண்ணு?"

"ஆமாம்மா, பாஸ்லதான்."

"அவ்வளவு சீக்கிரமாவா வந்துது?" என்றார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையில் அறைக்குள் கொண்டுபோகும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரவு வண்டியில் வந்திருந்தால் நான் பதினொரு மணிக்கு வந்திருப்பேன். பெரியவருக்கு நான் சொல்லவேண்டிய விடை இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சேலம் விமான நிலையம் இருப்பது சேலத்தில் அன்று. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில், எங்கள் வீட்டுக்கு வெகு அருகில். 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னையிலிருந்து அங்கே பறக்கத் தொடங்கியது. நாள்தோறும் அதை வேடிக்கை பார்ப்பது தாயாருக்குப் பொழுதுபோக்காயிற்று. 2021இல் அது நின்றது. இடுப்பு தேறி, கோலூன்றி வாசலுக்கு வரத் தொடங்கிய காலத்தில் வானம் வெறுமையாக இருந்தது.

2023 அக்டோபரில் பெங்களூர், சேலம், கொச்சி என்று அலையன்ஸ் ஏர் விமானம் உடான் திட்டத்தில் மீண்டும் வந்தது. அன்று மாலை தாயார் தொலைபேசியில் அழைத்தார்.

"வந்துருச்சு கண்ணு! கோழியெல்லாம் அலறிப் பந்தலுக்குள்ள ஓடிருச்சு."

"எத்தனை பேர் இறங்கினாங்கம்மா?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி கேட்டே போ. வீட்டுத் திண்ணையில இருந்து அதை நான் எப்படிடா எண்றது?" என்றார்.