ஐம்பது காசுக்கு நாலு நிமிடம்

பழைய தீனி மெஷின் ஒன்றை வாங்கி கோலா சாவா வீட்டு வாசலில் இறக்கியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, “இதுக்கிட்ட கடன் சொல்லலாமாடா?” என்பதுதான். நானும் லோரிக்காரரும் சிரித்துவிட்டோம். அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, காலியான சுருள் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அது 2022. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று கிளம்பியிருந்தேன். செனாவாங் தொழிற்பேட்டையில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் ஒரு விடுதியில் மெஷின் வைக்க இடம் கிடைத்தது. விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து விடுதிக்கு, மின்சாரம் அவர்களுடையது. நல்ல பேரம் என்று நண்பன் சொன்னான். அவன் பாதி முதல் போட்டிருந்தான்.

மெஷினுக்குள் என்ன வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. சூப்பர் ரிங், ட்விஸ்டீஸ், மைலோ, சாக்லெட். அதாவது, சின்ன வயதில் எனக்குக் கிடைக்காமல் போன எல்லாமும். இரண்டு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் தண்ணீர்ப் போத்தல் வரிசை மட்டும் காலி. சூப்பர் ரிங் வைத்த இடத்தில் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

அங்கே பாதிப்பேர் நேப்பாளிகள், மீதி பெரும்பாலும் வங்காளதேசத்தினர். அவர்களிடம் கேட்காமலேயே அவர்களுக்கான கடையைத் திறந்திருந்தேன். நேப்பாளித் தம்பி ஒருவனிடம் கேட்டேன். “வை வை இருக்கா அண்ணே?” என்றான். அது நேப்பாளத்து மீ. தேடிப் பிடித்து வாங்கி வைத்தேன். அவன் அதைச் சமைக்கவில்லை. பாக்கெட்டை மூடியபடியே நசுக்கி, மசாலாவைக் கொட்டி, குலுக்கி, அப்படியே கொறித்தான். எனக்கு ஒரு கணம் தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடல் ஞாபகம் வந்தது. நாங்கள் மமீயை அப்படித்தான் தின்போம். நசுக்கும் சத்தம்கூட அதேதான்.

அதற்குப் பிறகு பட்டியல் மாறியது. மாட்டிறைச்சி சுவை போட்ட மீ வேண்டாம், நேப்பாளி இந்துக்கள் தொடமாட்டார்கள். ஹலால் முத்திரை இல்லாதது வேண்டாம், வங்காளதேசத்தினர் தொடமாட்டார்கள். இரண்டு பக்கமும் எடுப்பது காரமான கடலை, பொரி, கிரீம் பிஸ்கட். ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே நன்றாகவே போனது.

அம்மாவின் முறுக்கையும் வைத்துப் பார்த்தேன். பாக்கெட்டில் போட்டு, பெயரும் தேதியும் ஒட்டி, மேல் தட்டில் அடுக்கினேன். சுருள் சுற்றியது. முறுக்கு நாலடி உயரத்திலிருந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் இடியாப்ப மாவு. அடுத்த நாள் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன். அங்கேயும் பாதிதான் பிழைத்தது. அம்மாவிடம் சொன்னபோது, “கையில எடுத்துக் குடுக்க ஆளு இல்லாத கடையில முறுக்கு விக்காதே,” என்றார். மெஷின் வியாபாரத்தைப் பற்றி யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கனமானது கீழே, உடையாதது மேலே, அதிகம் போவது கண் உயரத்தில். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விலை வைப்பது வேறு தலைவலி. ஒரு பொருளுக்கு நியாயமான விலை ஒரு வெள்ளி எண்பது காசு என்று கணக்குப் போடலாம். ஆனால் இரண்டு வெள்ளி போடுகிறவனுக்கு மெஷின் இருபது காசு திருப்பித் தர வேண்டும். ஐம்பது பேர் வாங்கினால் சில்லறைக் குழாய் காலி. அதனால் எல்லா விலையும் ஐம்பது காசில் முடியும்: ஒன்றரை, இரண்டு, இரண்டரை. நம் நாட்டில் ஒரு வெள்ளி நாணயம் இருந்தது. கள்ள நாணயம் பெருகியதால் 2005 டிசம்பர் 7-இல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகு ஆகப் பெரிய நாணயமே ஐம்பது காசுதான்.

நாணயம் விலையைத் தீர்மானிப்பது புதிய கதையில்லை. அமெரிக்காவில் 1886-இல் ஐந்து சென்டுக்கு விற்கத் தொடங்கிய கோக்கா கோலா, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அதே விலையில் நின்றது. அதற்கு ஒரு காரணம் மெஷின்கள். அவை ஐந்து சென்டு நாணயத்தை மட்டுமே விழுங்கும். அடுத்த நாணயம் பத்து சென்டு. ஒரே தாவலில் விலையை இரட்டிப்பாக்க முடியாமல், ஏழரை சென்டு நாணயம் ஒன்று அடித்துத் தாருங்கள் என்று 1953-இல் அதிபர் ஐசன்ஹோவரிடமே கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

எனக்கு அப்படிப்பட்ட தடை எதுவும் இல்லை. ஐம்பது காசு ஏற்றுவதற்கு உள்ளே நாலு பொத்தான் அழுத்தினால் போதும்.

நண்பன்தான் முதலில் சொன்னான். “கேட்டு பத்து மணிக்குப் பூட்டிடுறாங்க. பக்கத்துல கடை கிடையாது. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் எங்க போவான்? தண்ணிய ரெண்டு வெள்ளி ஆக்கு.” ஒன்றரை வெள்ளிக்கு விற்றுக்கொண்டிருந்த தண்ணீர். எனக்கு வாங்கும் விலை அறுபது காசு. ஏற்றினேன். அந்த மாதம் ஒரு போத்தல்கூடக் குறையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. வியாபாரம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

கணக்கை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு தோட்டத்துக் கடையைப் பற்றிச் சொன்னார். டவுனில் வாங்கும் அதே சார்டின் டின், தோட்டத்துக் கடையில் இருபது முப்பது காசு கூட. “தெரியும்ல, ஏன் வாங்குனீங்க?” என்றேன்.

“டவுனுக்குப் போய்ட்டு வர பஸ் காசு யாரு குடுப்பா? பெரட்டுக்குப் போயி, மரம் வெட்டி, பால் நிறுத்துட்டு வந்து யாரு ரந்தாவுக்கு ஓடுறது?”

“அப்ப அவரும் என்னை மாதிரிதானே?”

“மழைக்காலத்துல ரெண்டு வாரம் வெட்டு இருக்காது. வெட்டு இல்லன்னா கூலி இல்ல. அப்ப அரிசி, மாவு, உனக்குப் பால் டின்னு எல்லாம் அந்த ஆளுதான் 555-ல எழுதிக் குடுத்தாரு. சில பேரு கட்டாமலே ஓடிட்டான். நாங்க குடுத்த இருபது காசு அதுக்கும் சேத்துதான். நீ எதுக்கு வாங்குற?”

555 நோட்டைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை இருக்கமாட்டான். உள்ளங்கை அளவு, அட்டையில் மூன்று ஐந்து. எங்கள் வீட்டின் வரலாறே அந்த நோட்டில்தான் இருந்தது. கடைக்காரரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. கூட்டலில் அவர் செய்த ‘தவறுகள்’ எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று அப்பா சொல்வார். ஆனால் அவருடைய விலையில் ஓர் ஆபத்து இருந்தது. வராக்கடன் இருந்தது. என் மெஷின் முதலில் காசை வாங்கிக்கொண்டுதான் கம்பியைச் சுற்றும். எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. நான் கூடுதலாக வாங்கிய ஐம்பது காசு, பூட்டிய கேட்டுக்கான வாடகை. கேட்டை நான் பூட்டவில்லை. வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். அந்த ஆண்டு மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆகியிருந்தது. மணிக்கு 7 வெள்ளி 21 காசு. ஐம்பது காசு என்பது நாலு நிமிட வேலை. இரண்டு வெள்ளித் தண்ணீருக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். நாலு நிமிடம் பெரிதா என்று கேட்கலாம். தினமும், ஒவ்வொருவரிடமும், தாகத்துக்கு என்பதைச் சேர்த்துக்கொண்டால் எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது.

1999-இல் கோக்கா கோலாவின் தலைவர் டக்ளஸ் ஐவெஸ்டர், வெயில் ஏறினால் தானாக விலை ஏற்றும் மெஷினைப் பற்றி ஒரு பிரேசில் இதழிடம் பேசினார். வெக்கையில் தேவை கூடுகிறது, விலையும் கூடுவது நியாயம்தானே என்பது அவர் வாதம். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வெப்பமானி தேவைப்பட்டது. எனக்கு ஒரு பூட்டு போதுமாக இருந்தது.

தண்ணீரை மறுபடி ஒன்றரை வெள்ளி ஆக்கினேன். நண்பன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: தண்ணீர், மீ, பிஸ்கட் மூன்றிலும் கை வைப்பதில்லை. கேஸ் பானமும் சாக்லெட்டும் அவன் இஷ்டம். நான் தியாகி இல்லை. சாக்லெட்டில் நல்ல லாபம் வருகிறது, அதை வாங்கிக்கொள்கிறேன்.

மெஷின் சில சமயம் காசை விழுங்கிவிட்டுப் பாக்கெட்டைக் கம்பியிலேயே தொங்கவிடும். அதற்காக ஒரு 555 நோட்டைப் பேனாவோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி மெஷின் ஓரத்தில் தொங்கவிட்டேன். காசு போனவர்கள் அறை எண்ணையும் தொகையையும் எழுதிவைப்பார்கள். சரக்கு நிரப்பப் போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுவேன். பொய்யாக எழுதுவார்கள் என்று நண்பன் எச்சரித்தான். முதல் நோட்டு தீர்ந்தபோது வீட்டுக்கு எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒன்றரை, இரண்டு, ஒன்றரை. ஆகப் பெரிய தொகை மூன்று வெள்ளி.

“கடன் குடுக்காதுன்னு சொன்னே. இது எல்லார்கிட்டயும் கடன் வாங்கி வெச்சிருக்கேடா,” என்றார்.

மூன்று வெள்ளி எழுதியவர் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.