செங்கோட்டு மலையடியில் ஒரு கைத்தொண்டு

கொங்கு நாட்டுச் சிவத்தலங்களுள் தனிச்சிறப்பு வாய்ந்தது திருச்செங்கோடு. அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியில், பாதி பெண்ணும் பாதி ஆணுமாக, நின்ற கோலத்தில் அருள்பாலிக்கும் மலை அது. தேவாரம் இத்தலத்தைக் கொடிமாடச் செங்குன்றூர் என்று குறிக்கிறது. திருஞானசம்பந்தப் பெருமான் இங்கு எழுந்தருளியிருந்தபோது அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது என்றும், திருநீலகண்டப் பதிகம் பாடி அவர் அந்நோயை அகற்றினார் என்றும் பெரியபுராணம் உரைக்கும். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, பாறையில் செதுக்கிய நாகரை வணங்கி, சத்தியப் படி எனப்படும் அறுபதாம் படியைக் கடந்து மேலே சென்றால், மூலவரின் திருவடியில் ஊறும் தீர்த்தம் பிரசாதமாகக் கிடைக்கிறது. படியேற இயலாத முதியோர் வாகனத்தில் செல்ல மலைப்பாதையும் உண்டு.

மலைமேல் இறைவனின் திருவடியில் நீர் ஊறுகிறது. மலைக்குக் கீழே பரந்து கிடக்கும் நிலமோ நீருக்கு ஏங்குவது. சேலம், நாமக்கல் சமவெளி என்பது செம்மண்ணும் கரடும் பாறையும் பனைமரமுமாக விரிந்த மேட்டுநிலம். காவிரி ஓரமாக ஓடினாலும் இந்த மேட்டு வயல்களுக்கு அதன் நீர் ஏறுவதில்லை. மழையை நம்பிச் சோளமும் நிலக்கடலையும் ஆமணக்கும் பருத்தியும் விதைத்து, வானத்தைப் பார்த்திருந்து பழகிய மக்கள் இவர்கள். இன்று பாரதத்தின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் மிகப் பல திருச்செங்கோட்டைச் சேர்ந்தவை. தண்ணீரைத் தேடித் தேடியே ஓர் ஊர் அதைத் தொழிலாகக் கொண்டுவிட்டது.

இத்தகைய வறண்ட பூமியில், திருச்செங்கோட்டுக்கு அருகே உள்ள புதுப்பாளையம் என்னும் சிற்றூரில், 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் காந்தி ஆசிரமம் தோன்றியது. தோற்றுவித்தவர் ராஜாஜி. நிலத்தை மனமுவந்து அளித்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். சேலத்தில் வழக்கறிஞராகப் பெரும் பொருள் ஈட்டி, நகரசபைத் தலைவராகவும் விளங்கியவர் ராஜாஜி. ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைத் துறந்த அவர், தம் பிள்ளைகளுடன் இக்கிராமத்துக்கு வந்து எளிய குடிலில் வாழத் தலைப்பட்டார்.

அவரை நாடி வந்து சேர்ந்தவர்களும் எளியவர்கள் அல்லர். சட்டம் பயின்ற கே. சந்தானம் ஆசிரமத்தின் நிர்வாகத்தைக் கவனித்தார். பிற்காலத்தில் மத்திய அரசில் ரயில்வே துறை அமைச்சராகவும், ஊழல் தடுப்புக்கு வழி கூறிய சந்தானம் குழுவின் தலைவராகவும் நாடறிந்தவர் இவரே. இளைஞரான கல்கி கிருஷ்ணமூர்த்தி இங்கே தங்கி, மதுவிலக்குக்காக ராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ என்னும் மாத இதழில் துணையாகப் பணிபுரிந்தார். பத்து இதழ்களே வெளிவந்தபோதிலும், பின்னாளில் ‘பொன்னியின் செல்வன்’ படைத்த கை பயிற்சி பெற்ற இடங்களுள் இந்தச் சிற்றூரும் ஒன்று. காந்தியடிகளும் 1925ஆம் ஆண்டிலும், மீண்டும் 1934ஆம் ஆண்டிலும் இங்கு வந்தார்.

தொண்டர்கள் என்ன செய்தார்கள்? சொல்லப்போனால் மிகச் சாதாரணமான காரியங்கள்தாம். மழை பொய்த்தால் விதைப்பு இல்லை; விதைப்பு இல்லையெனில் கூலியும் இல்லை. அத்தகைய காலத்தில் சுற்றுக் கிராமங்களின் பெண்களுக்குப் பஞ்சைக் கொடுத்து, அவர்கள் நூற்ற நூலை எடைபோட்டு வாங்கி, உரிய காசைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். அந்நூலை நெசவாளர் வீட்டுக்கு அனுப்பித் துணியாக்கினார்கள். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். கள்ளுக்கடையால் குடும்பங்கள் அழிவதை எடுத்துரைத்தார்கள். மேடையும் மாலையும் இல்லாத வேலை. ஒரு கிழவி கொண்டுவந்த நூல்சிட்டத்தின் எடை குறையாமல் பார்ப்பதும், அவளுக்குச் சேர வேண்டிய அணாவைக் குறைக்காமல் கொடுப்பதுமே அங்கு நித்திய பூஜையாக இருந்தது.

ஆசிரமத்துக்குப் பெரிய சோதனை ஒன்றும் வந்தது. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களும் மற்றவர்களோடு சமமாக அங்கே வாழ்ந்தனர். இது அக்கம்பக்கத்துக் கிராமத்தாருக்குப் பொறுக்கவில்லை. எதிர்ப்பும் புறக்கணிப்பும் எழுந்தன. யாருக்காக ஊரை விட்டு வந்தார்களோ அவர்களே முகம் திருப்பிக்கொண்டால் தொண்டர் என்ன செய்வது? எல்லோரையும் திருப்திப்படுத்த, ஒதுக்கப்பட்டவர்களை வெளியே அனுப்பியிருந்தால் அன்றே அமைதி திரும்பியிருக்கும். ஆனால் அதன்பின் அது ஆசிரமமாக இருந்திராது. தொண்டர்கள் சினம் கொள்ளவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. நூற்பையும் மருத்துவத்தையும் தொடர்ந்தார்கள்.

அந்தப் பொறுமையின் பயன் காலத்தால் விளைந்தது. 1937ஆம் ஆண்டில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். புதுப்பாளையமும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் வைத்தியநாத ஐயரின் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தபோது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததும் ராஜாஜியின் ஆட்சியே. சிற்றூர்ப் புறக்கணிப்பைத் தாங்கி நின்ற உறுதி, பதினான்கு ஆண்டுகள் கழித்து அன்னையின் சந்நிதிக் கதவு அனைவருக்கும் திறக்கத் துணை நின்றது.

கையால் செய்யும் தொண்டு நம் சமயத்துக்குப் புதியதன்று. அப்பர் பெருமானின் திருக்கரத்தில் இருப்பது உழவாரம். ஆலயப் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. பதிகம் பாடிய நாவரசர், பாடியதோடு நில்லாமல் அதையும் ஏந்தி நடந்தார். பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகள் நாயனார், திருவாரூரில் கரையோரம் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே சென்று திருக்குளத்து மண்ணைச் சுமந்தார். இராமானுசரின் விருப்பத்தை நிறைவேற்றத் திருமலைக்குச் சென்ற அனந்தாழ்வான், நந்தவனத்துக்காக ஏரி வெட்டியபோது கருவுற்றிருந்த மனைவியே மண்கூடை சுமந்தாள் என்பது வைணவர்கள் கண்ணீர் மல்கக் கூறும் வரலாறு. மண்ணைத் தொட்ட கைகளை இறைவன் விலக்கியதாக எந்தப் புராணமும் கூறவில்லை.

இதே மரபு இன்று வேளாண்மையிலும் தளிர்த்து வருகிறது. 1978ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் இருவரும் தம் நூலின் வாயிலாக ‘பெர்மாகல்ச்சர்’ என்னும் சொல்லை உலகுக்கு அளித்தனர். நிலத்தைப் பேணுதல், மக்களைப் பேணுதல், மிகுந்ததைப் பகிர்தல் என்பன அதன் மூன்று அறங்கள். பகுத்துண்ணும் பண்பில் வளர்ந்த தமிழருக்கு இது பழகிய பாதையே.

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக்கு அப்பால், கரூர் மாவட்டத்தின் கடவூர் மலைகளுக்கிடையே உள்ள வானகம் இத்தகைய ஒரு பண்ணை. ஆழ்வாரின் திருப்பெயரைத் தாங்கிய வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2009ஆம் ஆண்டில் அதை உருவாக்கினார். வேளாண் பட்டதாரியான அவர், கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துப் பணியைத் துறந்து உழவர்களிடையே வாழ்ந்தவர். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மறைந்த அவரது உடலும் அந்த மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. இளைஞர்கள் வந்து தங்கி, இயற்கை வேளாண்மையைக் கைப்பழக்கமாகக் கற்றுச் செல்லும் இடம் அது.

இவ்வகைப் பண்ணைகளில் தொண்டருக்குக் கிடைக்கும் வேலை எளியது. சரிவுக்குக் குறுக்கே வரப்பெடுத்து, ஓடும் மழைநீரை நிற்கவைத்து மண்ணுக்குள் இறக்குவது. வெயில் நேரே படாமல் சருகாலும் வைக்கோலாலும் மூடாக்கு இடுவது. தானியம், பயறு, எண்ணெய் வித்து ஆகியவற்றைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது நிலத்துக்கே உணவாக்குவது. முள்வேலிக்குப் பதில் உயிர்வேலி வளர்ப்பது. ஆழ்துளைக் கிணறு பூமியிடமிருந்து பெறுவது. மண்வரப்போ பூமிக்குத் திருப்பித் தருவது. பெறுவது மட்டுமே நடந்துகொண்டிருந்தால் எந்த நிலமும் ஒருநாள் வறண்டே தீரும்.

இதில் கடினமானது மண்வெட்டி பிடிப்பதன்று. பலனுக்காகக் காத்திராமல் இருப்பதே. இன்று நட்ட கன்றின் நிழலில் நட்டவர் அமரப் போவதில்லை. கடமையைச் செய், பலனில் பற்று வையாதே என்று கண்ணன் பார்த்தனுக்குக் கூறிய உபதேசத்தை, பாரதத்தையும் இராமாயணத்தையும் தமிழ்க் குடும்பங்களுக்கு எளிய நடையில் எழுதித் தந்த ராஜாஜி, முதலில் புதுப்பாளையத்து வெயிலில் வாழ்ந்து பார்த்தார்.

முதுமை இத்தொண்டுக்குத் தடையன்று. குனிந்து களை பறிக்க முழங்கால் இடங்கொடாவிட்டாலும், அமர்ந்தபடியே விதை பொறுக்கலாம். நாற்றுப் பைகளில் மண் நிரப்பலாம். கணக்கு எழுதித் தரலாம். உள்ளூர்க் கோயில் நந்தவனத்தில் வில்வமும் அரளியும் நந்தியாவட்டையும் வாடாமல் பார்த்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்றால், பாட்டனார் நீர் வார்த்த செடியின் மலர் சுவாமியின் தோளில் ஏறுவதை அவர்கள் காண்பார்கள். அந்தக் காட்சி அவர்களுக்கு நெடுநாள் துணை வரும்.

2025ஆம் ஆண்டில் காந்தி ஆசிரமத்துக்கு நூறு ஆண்டுகள் நிறைந்தன. கதர்ப் பணி இன்றும் அங்கே தொடர்கிறது. அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், மலையிலிருந்து இறங்கியதும் உடனே ஊர் திரும்பாமல் புதுப்பாளையத்துக்கும் ஒருமுறை சென்று வரலாம். அங்கே கோபுரமோ கொடிமரமோ இல்லை. ஆனால் கூலி கேளாத கைகள் ஊர் முழுதும் எதிர்த்தபோதும் ஓயாமல் உழைத்த மண் அது. அதையும் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளலாம்.