முப்பத்து மூன்றும் இருபத்தொன்பதும்

ஓசூரில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களில் பலர் கணக்கு வழியாக வந்தவர்கள் அல்லர். கை வழியாக வந்தவர்கள். அசோக் லேலண்டிலோ டிவிஎஸ்ஸிலோ, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஏதேனும் ஒரு நிறுவனத்திலோ பதினைந்து இருபது ஆண்டுகள் இயந்திரத்தின் முன் நின்றவர்கள். இரும்பின் மீது விரலை ஓட்டியே எங்கே பிசிறு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, சேமநல நிதியையும் மனைவியின் நகையையும் முதலாகப் போட்டு, சிப்காட்டை ஒட்டிய தெருவொன்றில் ஒரு ஷெட் பிடித்து, பழைய சிஎன்சி ஒன்றை இறக்குவார்கள். மின் இணைப்பு, வங்கிக் கடன், முதல் ஆர்டர் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பார்கள். கணக்குக்கு ஆள் வைக்கப்போகிறீர்களா என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள். “ஒரு மெஷின், ஒரு பையன், நான். இதுல கணக்குக்கு ஒரு ஆளா?”

நான் இங்கே ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். சிறு பட்டறைகளின் பில்கள் என் மேசை வழியாகத்தான் போகும். ஆகவே இந்தச் சிரிப்பை நிறையக் கேட்டிருக்கிறேன். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாதம் பத்துப் பதினைந்து பில் போடுகிறவருக்கு முழுநேரக் கணக்கர் எதற்கு? தொழில் வளர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லா ஊரிலும் சொல்லப்படும் பதில். ஆனால் ஓசூரில் இந்தப் பதில் சரிப்படுவதில்லை. இங்கே கணக்கின் சிக்கலைத் தொழிலின் அளவு தீர்மானிப்பதில்லை. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்திப்பள்ளி தீர்மானிக்கிறது.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் உண்டு. இந்தியாவில் பொது விற்பனை வரியை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், ஆண்டு 1939. கொண்டுவந்தவர் ராஜாஜி. 1937-இல் அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தவருக்கு, கள்ளுக்கடைகள் மூடியதால் போன வருமானத்தை ஈடுகட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த ராஜாஜி 1878-இல் பிறந்தது ஓசூருக்கு அருகேயுள்ள தொரப்பள்ளியில். பில் போடும் ஒவ்வொரு இந்திய வியாபாரியும் இந்த வட்டாரத்துக்காரர் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருக்கிறார். 1956-இல் மத்திய விற்பனை வரி வந்தது. அதனுடன் ‘சி’ படிவம் வந்தது. 2007-இல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி. 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி. அதே மாதத்தில் வணிக வரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டபோது, இனி எல்லையே இல்லை என்று ஊரில் பலரும் மகிழ்ந்தார்கள். சாலையிலிருந்த எல்லை போனது உண்மை. அது பில்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்து இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. ஓசூர்க்காரரின் பில்லில் விற்கிறவர் 33. வாங்குகிறவர் பாதி நேரம் 29: பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி. இந்த இரண்டு எண்களுக்கு இடையில் என்னென்ன இருக்கிறது என்பதை நண்பர் ஒருவரின் பட்டறையை வைத்தே சொல்லலாம்.

நண்பருக்கு முதலில் வந்தது கூலி வேலை. பொம்மசந்திராவிலிருந்து அவர்களே இரும்பை அனுப்புவார்கள். இவர் கடைந்து திருப்பி அனுப்புவார். சட்டத்தின் பார்வையில் இது சேவை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், எல்லை தாண்டிச் செய்தாலும் பதிவு கட்டாயமில்லை. சில மாதங்களில், “இரும்பையும் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்கள். வேலை அதேதான், இயந்திரம் அதேதான், வாங்குகிறவரும் அவர்தான். ஆனால் இப்போது அது சரக்கு விற்பனை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம்; மாநிலம் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும். இரும்பு யாருடையது என்ற ஒரே கேள்வியில் சட்டம் இப்படித் திரும்பிவிடுகிறது. சிறு உற்பத்தியாளர்களுக்கென்று ஒன்றரைக் கோடி வரவு வரை விற்பனையில் 1 விழுக்காடு கட்டிவிட்டுப் போகும் எளிய தொகுப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. வெளிமாநிலத்துக்கு விற்கிறவர்களுக்கு அதில் இடமில்லை. சேலத்துப் பட்டறைக்காரருக்குத் திறந்திருக்கும் கதவு, 29-க்கு விற்கும் ஓசூர்க்காரருக்கு மூடியிருக்கிறது.

சரக்கு போகும்போது வைக்கவேண்டிய இ-வே பில்லும் இப்படித்தான். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் அது தேவை. ஆனால் ஒரு மாநிலத்தில் இருக்கிறவர் இன்னொரு மாநிலத்திலுள்ள கூலி வேலைக்காரருக்குப் பொருள் அனுப்பினால், மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்துவரும் ஒரு பெட்டி இரும்புத் துண்டுக்கும் வேண்டும்.

ஒருநாள் பொம்மசந்திரா நிறுவனம், “பாகங்களை எங்களுக்கு அனுப்பவேண்டாம். அங்கேயே ஓசூரில் எங்கள் வாடிக்கையாளரிடம் இறக்கிவிடுங்கள், பில் மட்டும் எங்கள் பெயரில் போடுங்கள்” என்றது. சரக்கு இரண்டு தெரு தாண்டியது, அவ்வளவுதான். நண்பர் உள்மாநில வரி போட்டார். யாரும் அப்படித்தானே நினைப்பார்கள்? சட்டம் அப்படி நினைப்பதில்லை. யார் சொல்லி இறக்கப்பட்டதோ அவர் இருக்கும் இடம்தான் விற்பனை நடந்த இடம். இரும்பு ஓசூரை விட்டு நகரவேயில்லை. பில் கர்நாடகம் போய்விட்டது. போட்டிருக்க வேண்டியது ஐஜிஎஸ்டி. தவறான தலைப்பில் கட்டிய வரியை அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது. சரியான தலைப்பில் மறுபடி கட்டவேண்டும். முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். வட்டி இல்லை என்பது ஆறுதல். ஆனால் ஒரு மெஷின் பட்டறையில் இரண்டு முறை வரி கட்டும் பணம் எங்கே இருக்கும்?

பணம் என்றதும் இன்னொன்று. ஒரு லட்ச ரூபாய்க்குப் பில் போட்டால், 18 விழுக்காடு வரி 18,000. இரும்பு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். காலாண்டு முறையில் இருக்கும் சிறியவர்களானால், காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு 25. வாங்கியவர் பணம் தந்தாரா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. வாங்கியவரோ தொண்ணூறு நாள் ஆகும் என்பார். நண்பரின் தெருவிலேயே ஒருவர் இப்படி மாதாமாதம், வராத பணத்துக்கு வரி கட்ட நகையை அடகு வைத்துக்கொண்டிருந்து, ஒருநாள் பட்டறையை மூடினார். வேலை இல்லாமல் மூடவில்லை; வேலை நிறைந்திருந்தபோதுதான் மூடினார். நல்ல தொழிலாளி. அவர் செய்த பாகங்களில் ஒன்றுகூட எங்களிடமிருந்து திரும்பிப் போனதில்லை.

45 நாட்களுக்குள் சிறு தொழிலுக்குப் பணம் தரவேண்டும் என்ற சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. 2023-இன் நிதிச் சட்டம், அப்படித் தராத தொகையைத் தரும்வரை செலவாகக் காட்டமுடியாது என்று, 2024 ஏப்ரல் முதல் வாங்குகிறவர்களின் வருமான வரியிலேயே கைவைத்தது. ஆனால் நீங்கள் உத்யம் பதிவு செய்த சிறு உற்பத்தியாளர் என்பது வாங்குகிறவருக்குத் தெரியவேண்டும். பில்லில் அந்த எண் இருக்கவேண்டும். எந்தத் தேதியில் சரக்கை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குக் கையெழுத்து வேண்டும். இதை நினைவூட்ட ஒருவர் வேண்டாமா?

வேண்டும். அதனால், எல்லை தாண்டி விற்கிற ஓசூர்க்காரர் முதல் பில்லுக்கு முன்பே கணக்கறிந்த ஒருவரிடம் போய்விடவேண்டும் என்பது என் எண்ணம். முழுநேர ஆள் வேண்டியதில்லை. பத்துப் பட்டறைகளுக்குச் சேர்த்துக் கணக்கெழுதும் பகுதிநேரக் கணக்கர்கள் இங்கே இருக்கிறார்கள். நாம் எல்லோரையும் ஆடிட்டர் என்றே அழைத்துவிடுகிறோம். பட்டயக் கணக்கர் வேறு, வரி ஆலோசகர் வேறு, கணினியில் பதிவு செய்து தருகிறவர் வேறு. தொடக்கத்தில் தேவைப்படுவது மூன்றாமவரின் கையும், எப்போதாவது முதலாமவரின் ஒரு மணி நேரமும்.

ஆனால் கட்டுரையை இதோடு முடித்தால் பாதிதான் சொன்னதாகும்.

இரண்டு கோடி வரையிலான சிறு தொழிலுக்கு வருமான வரியில் ஒரு சலுகை உண்டு. வரவில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாக வந்ததானால் 6 விழுக்காட்டை, லாபமென்று காட்டிவிட்டால் கணக்குப் புத்தகமே வேண்டாம். கணக்குக்கு ஆள் வேண்டாம் என்கிறவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அரசுக்குக் கணக்கு வேண்டாம் என்பது சரி. உங்களுக்கு வேண்டாமா? உண்மையில் லாபம் இல்லாதபோதும் ஆறு விழுக்காட்டுக்கு வரி கட்டிக்கொண்டிருப்போமே, அது எப்படித் தெரியும்?

நண்பர் ஒரு பாகத்துக்கு 38 ரூபாய் பேசியிருந்தார். மணிக்குப் பத்துப் பாகம். ஆக 380 ரூபாய். இயந்திரத் தவணை 28,000, வாடகை 12,000, பையன் சம்பளம் 18,000, மின்சாரம் 9,000, இன்சர்ட், எண்ணெய் வகையறா 8,000. மாதம் 75,000. இருபத்தைந்து நாள், தினம் பத்து மணி என்று 250-ஆல் வகுத்தார். மணிக்கு 300 ரூபாய் செலவு, 80 ரூபாய் லாபம். சந்தோஷமாக இருந்தார். அவருடைய மனைவி பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தவர். இயந்திரம் உண்மையில் ஓடிய நேரத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று மாதம் குறித்துவைத்தார். செட்டிங், மின்தடை, இரும்பு வராத நாள் எல்லாம் போக மாதம் 180 மணிதான் ஓடியிருந்தது. அப்படியானால் மணிக்கு 417 ரூபாய். லாபம் என்று நினைத்தது ஒவ்வொரு மணிக்கும் 37 ரூபாய் நஷ்டம். “அண்ணா, இவருக்கு மெஷின் தெரியும். மெஷினுக்கு எவ்வளவு பசின்னு தெரியலை” என்றார் என்னிடம்.

எந்த ஆடிட்டரும் இதைச் சொல்லியிருக்கமாட்டார். அவர் கைக்குப் பில்கள்தாம் போகும். இயந்திரம் சும்மா நின்ற நேரம் பில்லாக வருவதில்லை.

பழைய வியாபாரச் சமூகங்கள் இதை அறிந்திருந்தன. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ படித்தவர்களுக்கு மெடானின் வட்டிக்கடைகள் நினைவிருக்கும். செட்டியார் கடைகளில் பெட்டியடியில் உட்கார்ந்த பையன்தான் அடுத்தாளாகி மேலாளாகிறான். பேரேடும் ஐந்தொகையும் தெரியாமல் அந்தப் படிகளில் ஏற முடியாது. அங்கே கணக்கு தொழிலின் ஓரத்தில் இருக்கவில்லை, தொழிலே அதுதான். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரின் கதையும் அதுவே. ஆலைகளுக்கு இயந்திர பாகங்கள் விற்றுக்கொண்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கிய அந்த முயற்சிதான் டேலி. இன்று ஓசூரின் பகுதிநேரக் கணக்கர்கள் திறந்துவைத்திருப்பது, ஒரு சிறு வியாபாரி தன் கணக்கைத் தானே பார்க்க விரும்பியதால் பிறந்த பொருள்.

ஆகவே வரியை எழுத ஆள் வையுங்கள். விலையை நீங்களே எழுதுங்கள். நண்பர் இப்போது பகுதிநேரக் கணக்கர் ஒருவரை வைத்திருக்கிறார். 38 ரூபாயை 46 ஆக்கிக் கேட்டதில் ஒரு வாடிக்கையாளர் போனார், இருவர் ஒத்துக்கொண்டார்கள். நோட்டு தொடர்கிறது. ஆனால் அந்த 75,000 ரூபாயில் நண்பரின் சம்பளம் இல்லை. இரவில் உட்கார்ந்து நோட்டெழுதும் அவர் மனைவியின் சம்பளமும் இல்லை. அந்தப் பட்டறையின் முதல் கணக்கர் அவர்தான். இரண்டுக்கும் தலா ஒரு வரி எழுதிச் சேர்த்தபின் ஒரு மணியின் விலை என்னவாகிறது என்று பார்க்கவேண்டும்.