உயிரின் ஏடும் அதன் காவலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பெரியோர் வாக்கு. ஆயினும் ஏட்டைச் செவ்வனே காவாத இடத்தில் தோட்டத்துச் சுரைக்காயும் உரியவர் கைக்குச் சென்று சேர்வதில்லை. இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர்களாக இருக்கும் எங்களைப் போன்றோர் நாள்தோறும் காணும் உண்மை இது. மேலே கட்டிய சீட்டு அறுந்துவிட்டால், உள்ளே பட்டுப் புடவையே இருப்பினும் அது பெயரற்ற மூட்டைதான். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய எங்களுக்கு விஞ்ஞானம் பேசத் தகுதி ஏது என்று அன்பர்கள் வினவலாம். அழையாமலே அது எங்கள் இல்லத்துள் நுழைந்தமையால் பேசத் துணிந்தோம்.

மனித உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை சுருண்டு கிடக்கிறது. 247 எழுத்துகளைக் கற்று வளர்ந்த நமக்கு, இயற்கை ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகளால் மனிதனை எழுதியிருப்பது வியப்பாகவே தோன்றும். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு தொகுதிகள்; ஒவ்வொன்றிலும் சுமார் 300 கோடி எழுத்துகள்.

இவற்றை யந்திரம் ஒரே மூச்சில் படித்துவிடுவதில்லை. பெரிதும் வழக்கிலுள்ள யந்திரங்கள் இழையைத் துண்டு துண்டாக்கி, ஏறத்தாழ 150 எழுத்துகளாகப் படிக்கின்றன. பிழை நேராதிருக்க ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக முப்பது முறை படிப்பது வழக்கம். ஒரே நூலின் முப்பது பிரதிகளைக் கிழித்துக் கலந்து, மீண்டும் ஒன்று சேர்ப்பது போன்ற வேலை இது. படித்த துண்டுகள் 'ஃபாஸ்ட்க்யூ' என்னும் கோப்பில் ஏறுகின்றன. துண்டின் பெயர், எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்னும் மதிப்பெண் என நான்கு வரிகள். பின்னர் அத்துண்டுகளை ஒரு மாதிரித் தொகுதியோடு ஒப்பிட்டு அடுக்கினால் அது 'பாம்' கோப்பு. மாதிரியிலிருந்து வேறுபடும் இடங்களை மட்டும் பட்டியலிட்டால் 'வி.சி.எஃப்.' கோப்பு. அப்பட்டியலில் ஒருவருக்கு நாற்பது, ஐம்பது இலட்சம் வேறுபாடுகள் இருக்கும். மூலக் கோப்போ, சுருக்கி வைத்தாலும் ஓர் ஆளுக்குப் பல பத்து ஜி.பி. இடத்தை அடைக்கும்.

இவ்வளவையும் கட்டிக்காப்பதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சாங்கர் ஆய்வு நிலையம் 'ஐராட்ஸ்' என்னும் மென்பொருளை இப்பணிக்குக் கொண்டது. இத்தகைய மென்பொருளின் கடமைகள் எங்கள் அலுவலகப் பழக்கங்களையே நினைவூட்டுகின்றன. ஒவ்வொரு மாதிரிக்கும் மாறாத ஓர் எண் இடவேண்டும். யாருடையது, எங்கு எடுத்தது, எந்த யந்திரம் படித்தது, எதற்கு இசைவு தரப்பட்டது என்பவற்றை உடன் பதியவேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைக்கவேண்டும். ஓர் எழுத்துச் சிதைந்தாலும் அவ்வெண் மாறிவிடும். வாகனில் வைத்த முத்திரை உடைந்ததை உடனே அறிவது போல. பிரதி ஒன்றை வேறிடத்தில் வைக்கவேண்டும். திறந்து பார்த்தவர் யார், எப்போது என்றும் குறிக்கவேண்டும்.

இவற்றின் அருமையை எங்களுக்கு உணர்த்தியவள் எங்கள் மகள். நான்கு வயதில் அவளுக்கு நடை தளர்ந்தது. மரபணுப் பரிசோதனை வேண்டும் என்றார் மருத்துவர். சேமிப்பையும் சீட்டுப் பணத்தையும் திரட்டிக் கட்டினோம். நோயை விளக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று இரண்டு பக்க அறிக்கை வந்தது. மூன்றாண்டுகள் சென்றபின் வேறொரு மருத்துவர், "அன்று நோயோடு தொடர்பு அறியப்படாத மரபணுக்கள் சில இன்று அறியப்பட்டுள்ளன. பழைய கோப்பையே மறுபடி ஆராயலாம், குழந்தையை மீண்டும் குத்த வேண்டியதில்லை" என்றார். ஆய்வுக்கூடத்திற்கு எழுதினோம். மூலக் கோப்புகளை இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது. நாங்கள் கையொப்பமிட்ட படிவத்தில் அவ்விதி எங்கும் இல்லை. எந்தப் பதிவேட்டை எத்தனை ஆண்டு காக்கவேண்டும் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில்கூட எழுதிய விதி உண்டு. ஒரு குழந்தையின் உயிரேட்டிற்கு அவ்விதியை முன்கூட்டி அறிவிப்பார் இல்லை.

மீண்டும் இரத்தம் எடுத்தனர். நரம்பு கிடைக்காமல் மூன்று இடங்களில் குத்தினர். அவள் அழவில்லை. "போன தடவை கொடுத்ததை என்ன செய்தார்கள், அப்பா?" என்று மட்டும் கேட்டாள். விடை சொல்ல நா எழவில்லை.

இம்முறை ஓர் எழுத்து மாற்றம் அகப்பட்டது. இருவரிடமிருந்தும் அவளுக்கு வந்திருந்தது. அடுத்த குழந்தைக்கும் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றனர். நோய்க்குத் தீர்வான மருந்து இன்னும் இல்லை. எனினும் எந்த உறுப்பைக் கவனிக்கவேண்டும், எந்தப் பயிற்சி ஏற்றது என்பது தெளிவாயிற்று. கருவுற்ற காலத்தில் தான் எதையோ உண்டதால் நேர்ந்ததோ என்று உள்ளூர மறுகிக்கொண்டிருந்த தாயின் பாரமும் அன்றே இறங்கியது. பழைய கோப்பு காக்கப்பட்டிருந்தால் அவ்வளவு பணமும், மூன்று ஊசிக் குத்துகளும் மிஞ்சியிருக்கும்.

நாட்டளவில் இக்காவல் இப்போது வலுப்பெற்று வருகிறது. அமெரிக்காவின் 'ஜென்பேங்க்' காப்பகம் 1982-இல் தோன்றியது. அதனோடு ஐரோப்பிய, ஜப்பானியக் காப்பகங்களும் சேர்ந்து தரவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் ஆராய்ச்சியாளரும் நெடுங்காலம் அவற்றையே நாடினர். 2022 நவம்பரில் பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. 2020-இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின்கீழ்ப் படிக்கப்பட்ட 10,000 இந்தியரின் தொகுதிகள் அங்கே காக்கப்படுகின்றன. 2025 ஜனவரியில் அவை ஆய்வாளர் பயன்பாட்டிற்கு, அனுமதி பெற்றே அணுகத்தக்க வகையில், வழங்கப்பட்டன.

வெளிமாநிலம் வந்து வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஒரு மாற்றம் அரிதா, சாதாரணமா என்பதை ஒத்த மக்களின் பட்டியலோடு ஒப்பிட்டே முடிவு செய்கின்றனர். ஐரோப்பியரிடம் அரிதாக உள்ளது நம்மவரிடம் பலருக்கு இருக்கலாம். தில்லியில் பிறந்த பிள்ளையின் படிவத்தில் 'தில்லி' என்று மட்டும் எழுதினால், அதன் பாட்டன் பூட்டன் வாழ்ந்த திருநெல்வேலியும் தஞ்சையும் ஏட்டிலிருந்து மறைந்துபோம். எனவே தாய்மொழியையும் முன்னோர் ஊரையும் கேட்குமிடத்தில் தயங்காது எழுதுவீர்.

கேட்க வேண்டியவற்றையும் கேட்பீர். மூலக் கோப்புகளை எத்தனை ஆண்டு காப்பார்கள்? நமக்கு ஒரு பிரதி தருவார்களா? வேறு ஆய்விற்குக் கொடுப்பதாயின் நம் இசைவைப் பெறுவார்களா? கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற இயலாது. அது உடன்பிறந்தார் இரகசியத்தையும் சேர்த்தே சுமப்பது. பிரதி கிடைப்பின் இரண்டு வட்டுகளில் பதித்து, ஒன்றை இல்லத்திலும் மற்றொன்றை நம்பத்தக்க உறவினரிடத்திலும் வைப்பது நலம். வட்டின்மேல் பெயரும், தேதியும், மாதிரி எண்ணும் எழுதி ஒட்டுவீர்.

குடிபெயர்ந்து வருவோர் நிலப்பத்திரத்தையும் சாதகக் கட்டையும் பெட்டியின் அடியில் பத்திரமாக வைப்பது நம் வழக்கம். இனி அவற்றோடு இதற்கும் ஓர் இடம் ஒதுக்குவோமாக.