மகள் செல்

விலங்கியல் துறைத் தோழி ஒரு உதவி கேட்டார். முதலாமாண்டு செல் உயிரியல் பாடத்தில், தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் திணறுகிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் நோட்ஸ் எழுதியிருக்கிறேன், மொழியைச் சரிபார்த்துத் தர முடியுமா என்றார். பாடம் புரியாமல் மொழியைத் திருத்துவது எப்படி? நாற்பத்து நான்கு வயதில் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் செல் பிரிதல். தாய் செல் இரண்டு சேய் செல்களாகப் பிரிகிறது என்று நோட்ஸில் இருந்தது. பலகையில் 'டாட்டர் செல்ஸ்'. பக்கத்திலிருந்த மாணவி மெல்லக் கேட்டாள்: "மேடம், டாட்டர்னா மகள்தானே? தமிழ்ல ஏன் சேய்னு போட்டிருக்கு?" சேய் இருபாலுக்கும் பொதுச்சொல், பழைய இலக்கியத்தில் முருகனுக்கும் அது பெயர் என்றெல்லாம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு, தன் நோட்டில் 'மகள் செல்' என்று எழுதிக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து குரோமோசோம்கள் வந்தன. தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் மட்டுமே. தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண், ஒய் இருந்தால் ஆண். 1905-இல் அமெரிக்காவின் பிரின்மார் கல்லூரியில் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழுவின் செல்களை எண்ணிப் பார்த்தார். பெண்ணில் 20 பெரிய குரோமோசோம்கள்; ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. அந்தச் சிறியதுதான் பாலினத்தைத் தீர்மானிக்கிறது என்று எழுதினார். 35 வயதில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தவர் அவர். 1912-இல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். நோட்ஸில் அவர் பெயர் இல்லை.

எனக்கு இது புதிய செய்தியல்ல. பள்ளியிலேயே ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நாங்கள் மூன்று பெண்கள். "பொட்டப்புள்ளயாவே பெத்துப் போட்டவ" என்று அப்பத்தா அம்மாவைச் சொல்லாத நாளில்லை. அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். அந்தத் தேர்வு எழுதிய அன்றும் வீட்டில் அதே பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. பாடம் பள்ளிக்கூடத்துக்கு, பேச்சு வீட்டுக்கு என்று நினைத்திருந்தேன் போல.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்கூல்லயே படிச்சேம்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உங்க அப்பத்தா உசுரோட இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நோட்ஸில் மூன்று திருத்தங்கள் செய்தேன். சேய் செல் என்பதன் பக்கத்தில் மகள் செல் என்று சேர்த்தேன். நெட்டி ஸ்டீவன்ஸ் பெயரை எழுதினேன். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: 'இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படிக்கவும்.'

தோழி அதை வெட்டவில்லை.