அம்மா சொல்லாமல் விட்டது

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இப்போது மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எங்கள் வீட்டில் நடந்தது தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உதவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் த்வாண்டே. ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற, பானை செய்கிற ஊர். 2021 மார்ச்சில் லைங்தாயாவில் இராணுவச் சட்டம் போட்டார்கள். அங்கே தையல் ஃபேக்டரியில் இருந்த நான் வேலையை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தேன்.

அம்மாவுக்குப் பல வருடமாகத் தைராய்டு சுரப்பு குறைவு. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை ஒன்று, தண்ணீரோடு. அரை மணி, முடிந்தால் ஒரு மணி கழித்துத்தான் தேநீர். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. இதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம்.

2022இல் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் சேர்த்து இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். சாப்பிடாமல் லைன் காரில் டலா வந்து, படகேறி ரங்கூன் போனோம். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். டி.எஸ்.எச். 14, நாலுக்குள் இருக்க வேண்டியது. அது ஏறினால் மருந்து போதவில்லை என்று அர்த்தமாம். ஆனால் ஃப்ரீ டி-4 என்கிற மற்றதும் அளவுக்கு மேல். அப்படியானால் மருந்து அதிகம். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. "மாத்திரை தினமும் போடுகிறீர்களா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். அப்படியென்றால் மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பியை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அந்தத் தொகைக்கு எங்களிடம் இருந்தது என் காதுத் தோடு மட்டும்.

திரும்பும் படகில் தோட்டைக் கழற்றினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்டி. நான் தினமும் போடல. உனக்கு வேலையில்லையேன்னு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டேன். ரிசல்ட் நல்லா வரணுமேன்னு கடைசி அஞ்சு நாள் ரெண்டு ரெண்டாப் போட்டேன். இன்னைக்குக் காலையிலயும்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளை மாதிரி அம்மா!

மறுவாரம் டாக்டரிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் திட்டவில்லை. வயதானவர்கள் இப்படி இரட்டிப்பாகப் போட்டால் இருதயத்துக்கு ஆபத்து என்று மட்டும் கண்டித்தார். பிறகு விளக்கினார். எங்கள் ஊர்ச் சூளையை வைத்துத்தான் எனக்கு அது புரிந்தது. ஒரு கட்டு விறகைப் போட்டால் தீ உடனே எழும்பும். ஃப்ரீ டி-4 அப்படி. மாத்திரை போட்ட இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் ஏறி, பிறகு இறங்கும். பானை வெந்ததா என்பது பல நாள் நெருப்பைப் பொறுத்தது. டி.எஸ்.எச். அப்படி. ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டால்தான் உண்மையைச் சொல்லும். ஐந்து நாள் இரண்டிரண்டாகப் போட்டு அதை ஏமாற்ற முடியாது.

ஆகவே இரத்தம் கொடுக்கிற அன்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்; இரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம், இரண்டு மணி தள்ளினால் ஒன்றும் ஆகாது. பட்டினி இருக்கச் சொல்வது சர்க்கரைக்காகத்தான், தைராய்டுக்கு அது கட்டாயமில்லை. தண்ணீர் குடிக்கலாம். மறந்து மாத்திரையைப் போட்டுவிட்டால், போட்ட நேரத்தை இரத்தம் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு இது பொருந்தாது, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா ஏழு வாரம் தினமும் ஒன்று என்று போட்டாள். நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுபரிசோதனையில் இரண்டும் சரியாக இருந்தன. ஸ்கேன் தேவைப்படவில்லை. தோட்டை விற்றது அடுத்த வருடம், நான் இங்கே வருவதற்காக.

இப்போது தூரத்திலிருந்து போனில்தான் கேட்க முடிகிறது. போன முறை இரத்தம் கொடுக்கப் போகிற அன்று விடியற்காலையிலேயே கூப்பிட்டேன்.

"மாத்திரை?"

"அட்டையோட முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்டி. ஊசி குத்தினதும் போட்டுட்டு, அரை மணி கழிச்சு மொகிங்கா சாப்பிடுவேன். போதுமா?"

"நேத்து போட்டியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எனக்குப் பகீரென்றது. பிறகுதான் தெரிந்தது, லைன் கார் வந்துவிட்டதாம், ஏறிக்கொண்டிருந்தாள்.